கார்டு என் பர்ஸில்தான் இருக்கிறது, செலவு செய்தது யார்?

கேள்வி: என் கிரெடிட் கார்டு என் கையை விட்டு எங்கும் போகவில்லை. சனிக்கிழமை இரவு படுத்து, காலையில் எழுந்து பார்த்தால் அடுத்தடுத்து மூன்று பெரிய தொகைகள் போயிருப்பதாகக் குறுஞ்செய்தி. அந்தக் கடையின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. ஓடிபி எதுவும் வரவில்லை. ஐந்து வாரம் முன்பு தெரியாத பெயரில் மிகச் சின்னத் தொகை ஒன்று போயிருந்தது; நானே எதையாவது வாங்கி மறந்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். வங்கிக்கு ஃபோன் செய்தால், "இன்னும் பெண்டிங்கில் இருக்கிறது, கணக்கில் ஏறிய பிறகு கூப்பிடுங்கள்" என்கிறார்கள். நடுவில் வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்து, பணத்தைத் திருப்ப ஓடிபி கேட்டார்; பயந்துபோய் வைத்துவிட்டேன். நான் எங்கேயோ எதையோ கிளிக் செய்திருப்பேன் என்று என் கணவர் திட்டிக்கொண்டே இருக்கிறார். இந்தத் தொகையை நான் கட்டித்தான் ஆக வேண்டுமா? இனிமேல் டெபிட் கார்டையே வைத்துக்கொள்வது நல்லதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மீதியைப் படிப்பதற்கு முன் ஒரு காரியத்தை முடித்துவிடுங்கள். கார்டை முடக்கியதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. வங்கிச் செயலியில் கார்டைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதி இருந்தால் இந்த நிமிடமே நிறுத்துங்கள். அப்புறம் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்து, "என் கார்டு எண் திருடு போய்விட்டது, இதை நிரந்தரமாக முடக்கிவிட்டு வேறு எண்ணில் புதிய கார்டு கொடுங்கள்" என்று சொல்லுங்கள். செயலியில் நிறுத்துவது அவசர உதவி மட்டும்தான். அதில் எண் மாறுவதில்லை. மாதாமாதம் பிடிக்கும் சந்தா மாதிரியான செலவுகள் சில வங்கிகளில் அந்தத் தடையைத் தாண்டியும் போய்விடும்.

அதே அழைப்பில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். பொதுவாக யாரும் கேட்பதில்லை. ஒன்று, இந்தக் கார்டு எந்தெந்த ஃபோன்களின் பேமெண்ட் செயலிகளில் ஏற்றப்பட்டிருக்கிறது என்பது. திருடன் உங்கள் எண்ணைத் தன் ஃபோனில் ஏற்றியிருந்தால் அங்கே உண்மையான எண்ணுக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்று எண் உட்கார்ந்திருக்கும். உங்களுடையதல்லாத டோக்கன்கள் அத்தனையையும் அழிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கார்டு எண் மாறினால் புதிய எண்ணைச் சந்தா நிறுவனங்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் சேவை. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் இது உண்டு. உங்கள் சந்தாக்கள் தடைபடாமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் திருடன் உங்கள் எண்ணை வைத்து ஒரு சந்தாவைத் தொடங்கியிருந்தால், அதுவும் புதிய கார்டுக்குப் பின்னாலேயே வந்து சேரும். "புது கார்டு வாங்கியும் பிடிக்கிறார்களே" என்று தலையில் கைவைத்து வருகிறவர்களின் கதை பல நேரம் இதுதான்.

சரி, இப்போது வங்கி ஊழியர் சொன்ன பதிலுக்கு வருகிறேன். அதில் பாதி சரி. கார்டில் ஒரு செலவு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் கடை அனுமதி கேட்கிறது. வங்கி சம்மதித்ததும் அந்தத் தொகை உங்கள் வரம்பிலிருந்து ஒதுக்கி வைக்கப்படுகிறது. இதைத்தான் பெண்டிங் என்கிறார்கள். ஓரிரு நாள் கழித்து கடை தன் கணக்கை அனுப்பும்போதுதான் பணம் கைமாறுகிறது. கடையிடம் போன பணத்தை வங்கி திரும்ப வாங்கும் நடைமுறைக்கு சார்ஜ்பேக் என்று பெயர். இன்னும் போகாத பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்பதால் அது இரண்டாம் கட்டத்துக்கு அப்புறம்தான் தொடங்கும். ஊழியர் சொன்னது அதைத்தான். ஆனால் மோசடி நடந்ததாகப் பதிவு செய்யவும், கார்டை முடக்கவும் காத்திருக்க வேண்டியதே இல்லை. நீங்கள் எப்போது தெரிவித்தீர்கள் என்பதை வைத்துத்தான் பின்னால் பொறுப்பு யாருடையது என்று முடிவாகும். ஆகவே மறுபடி கூப்பிடுங்கள். மீண்டும் அதே பதில் வந்தால், "கணக்கில் ஏறிய பிறகு சார்ஜ்பேக் போடுங்கள், மோசடிப் புகாரை இன்றைக்கே பதிந்து எண்ணைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். புகார் எண் கையில் வராமல் ஃபோனை வைக்காதீர்கள். முதல் முறை நீங்கள் அழைத்த நாளும் நேரமும் உங்கள் ஃபோனின் அழைப்புப் பட்டியலில் இருக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அடுத்து சொல்லப்போவதுதான் இந்தப் பதிலில் எனக்கு முக்கியமாகப்படுவது. வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் பல காலம் இருந்தவன் நான். உண்மையாகவே பணம் பறிகொடுத்த மனிதர்களின் புகார் தோற்றுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் பல நேரம் ஒன்றே ஒன்றுதான்: புகார் தவறான வகையில் பதிவாகியிருக்கும்.

வங்கிக்கு வரும் கார்டு புகார்கள் இரண்டு இனம். "இந்தச் செலவை நான் செய்யவில்லை, யாரையும் செய்யச் சொல்லவும் இல்லை" என்பது மோசடிப் புகார். "வாங்கினேன், ஆனால் பொருள் வரவில்லை, வந்தது ஓட்டை, ரத்து செய்தும் பிடித்துவிட்டார்கள்" என்பது கடையோடு தகராறு. இரண்டுக்கும் குறியீடு வேறு, கேட்கும் ஆதாரம் வேறு. விசாவில் கார்டு நேரில் இல்லாமல் நடந்த மோசடிக்கு 10.4, பொருள் வந்து சேராததற்கு 13.1. பதற்றத்தில் அழைக்கிறவர் என்ன சொல்வார்? "அந்தக் கடையில் வாங்கினதா ஞாபகமே இல்லைங்க, எனக்கு எந்தப் பொருளும் வரலை, கேன்சல் பண்ணிடுங்க." கேட்கும் ஊழியர் "பொருள் வரவில்லை" என்பதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார். கடைக்காரர் பொருளை ஒப்படைத்த ரசீதை நீட்டுவார். ரசீது உண்மையானதுதான், பொருள் திருடன் கொடுத்த முகவரிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் கோப்பு மூடப்படும். தப்பு யார் மேலும் இல்லை, ஆனால் பணம் போனது போனதுதான்.

அதனால் ஒரே வாக்கியத்தில் நில்லுங்கள்: நான் செய்யவில்லை, நான் அனுமதிக்கவில்லை. பொருள், டெலிவரி, கேன்சல் என்ற பேச்சே வேண்டாம். அந்தக் கடையைத் தேடிப் பிடித்து நீங்களே பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. கடை தானாக முன்வந்து பணத்தைத் திருப்பினால் நல்லது, வங்கிக்கு அதைத் தெரிவித்துவிடுங்கள். பணத்தைத் திருப்பக் கார்டு எண் வேண்டும் என்று கேட்டால் கொடுக்க வேண்டாம். வந்த வழியிலேயே பணத்தைத் திருப்பி அனுப்ப அவர்களால் முடியும்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு முன் வீட்டில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். தப்பாக நினைக்க வேண்டாம், எல்லாரிடமும் இதைக் கேட்பேன். பிள்ளைகள் விளையாட்டுச் செயலியில் வாங்கியதா, கணவர் வேறு வேலைக்காக உங்கள் கார்டைப் போட்டாரா, வருடம் ஒருமுறை புதுப்பிக்கும் சந்தா ஏதாவதா? ஸ்டேட்மெண்டில் வரும் பெயர் கடையின் பலகையில் உள்ள பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவு செய்த நிறுவனத்தின் பெயரோ, நடுவில் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் பெயரோ வரலாம். வீட்டுச் செலவை மோசடி என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் சிக்கல். 2023 ஏப்ரல் முதல் விசாவில் ஒரு விதி இருக்கிறது. அதே கடையில் அதே கார்டில் முன்பு நடந்து, நீங்கள் மறுக்காமல் விட்ட இரண்டு பழைய செலவுகளைக் கடைக்காரர் காட்டி, ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்), வாங்கப் பயன்படுத்திய சாதனம் போன்ற விவரங்கள் இப்போதையதோடு ஒத்துப்போகின்றன என்று நிரூபித்தால், மோசடிப் புகார் அங்கேயே விழுந்துவிடும். உங்கள் விஷயத்தில் கடையின் பெயரே புதிது என்கிறீர்கள். அதனால் இந்த விதி உங்களைத் தொடாது என்றே நினைக்கிறேன்.

ஃபோனில் சொன்னதை அன்றே எழுத்திலும் அனுப்புங்கள், மின்னஞ்சலோ செயலியின் செய்திப் பெட்டியோ எதுவானாலும் சரி. நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"கடைசி நான்கு எண் இன்னது கொண்ட என் கிரெடிட் கார்டில், கீழே நாள், நேரம், தொகை, கடைப் பெயரோடு குறித்துள்ள நான்கு செலவுகளையும் நான் செய்யவில்லை, யாரையும் செய்ய அனுமதிக்கவும் இல்லை. அந்த நேரத்தில் கார்டு என்னிடமே இருந்தது. எனக்கு ஓடிபி எதுவும் வரவில்லை. கார்டு விவரங்களை யாரிடமும் சொல்லவில்லை. இன்ன தேதி, இன்ன நேரத்தில் தொலைபேசியில் தெரிவித்தேன். கார்டை நிரந்தரமாக முடக்கி, இவற்றை மோசடிப் பரிவர்த்தனைகளாகப் பதிவு செய்து, விசாரணை முடியும்வரை இந்தத் தொகைக்கு வட்டியோ தாமதக் கட்டணமோ போடாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

நான்கு என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஐந்து வாரம் முந்தைய சின்னத் தொகையையும் சேர்த்துத்தான். திருடிய எண்களை மொத்தமாக வாங்குகிறவனுக்கு எது உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று தெரியாது. யார் கண்ணையும் உறுத்தாத ஒரு தொகையைப் போட்டுப் பார்க்கிறான். அது போய், யாரும் சத்தம் போடாவிட்டால் அந்த எண்ணின் மதிப்பு கூடுகிறது. அப்புறம் அவனே பயன்படுத்துவான், இல்லாவிட்டால் இன்னொருவனுக்கு விற்றுவிடுவான். உங்களுக்கு நடந்தது இந்த முறைக்கு அச்சாகப் பொருந்துகிறது. அப்போதே சொல்லவில்லையே என்ற கூச்சத்தில் அதை மறைக்காதீர்கள். விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் மோசடிக்கான சார்ஜ்பேக்கை வங்கி தொடங்க வழக்கமான கெடு 120 நாள். ஐந்து வாரம் என்பது அதற்குள் நன்றாகவே அடங்கும். சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடிந்த வரிசை முழுதாகத் தெரிந்தால், விசாரிக்கிறவருக்கு இது திருட்டுத்தான் என்று படும்.

ஓடிபி வராதது உங்களுக்கு நல்லது. இணையக் கடைகளில் ஓடிபி போன்ற கூடுதல் சோதனையை 3டி செக்யூர் என்ற ஏற்பாடு நடத்துகிறது. அந்தச் சோதனையில் தேறிய செலவு மோசடி என்று தெரியவந்தால், நஷ்டம் பொதுவாக கார்டு கொடுத்த வங்கியின் தலையில் விழும். கடை அந்தச் சோதனையை வைக்காமலே பணம் வாங்கியிருந்தால் நஷ்டம் கடையின் பக்கம் போகும். உங்களுடையது இரண்டாவது வகை என்றால் வங்கிக்குக் கைநஷ்டம் இல்லை, புகாரை முன்னெடுக்கத் தயங்கவும் காரணம் இல்லை. எல்லா நாட்டுக் கடைகளும் ஓடிபி கேட்பதில்லை. திருடர்கள் அப்படிப்பட்ட கடையாகப் பார்த்துத்தான் போகிறார்கள்.

அந்த ஓடிபி அழைப்பை நீங்கள் துண்டித்தது இந்தக் கதையிலேயே நீங்கள் செய்த நல்ல காரியம். பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஓடிபி தேவையே இல்லை, பணம் எடுக்கத்தான் தேவை. அழைத்தவருக்கு உங்கள் பெயரும் கார்டின் கடைசி எண்களும் போன தொகையும் தெரிந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். திருடியவனுக்கும் அவையெல்லாம் தெரியும்தானே. இந்த வாரம் இன்னும் சில அழைப்புகள் வரலாம். உண்மையிலேயே வங்கிதானோ என்று தோன்றினால், வைத்துவிட்டு கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

இனி உங்கள் கணவர் பேசுவதைப் பற்றி. இந்தப் பகுதியை அவரிடமே படிக்கக் கொடுங்கள். கார்டு எண் வெளியே போகும் வழிகளில் பலவற்றுக்கும் கார்டுக்காரருக்கும் சம்பந்தமே கிடையாது. 2013 கடைசியில் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் பில் போடும் இயந்திரங்களுக்குள்ளேயே தீய மென்பொருள் புகுந்து, சுமார் 4 கோடி கார்டுகளின் விவரம் போனது. அங்கே கார்டைத் தேய்த்ததைத் தவிர அந்த ஜனங்கள் வேறு எதுவும் செய்யவில்லை. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இணையதளத்தில் யாரோ நுழைத்த சில வரி நிரல், டிக்கெட் வாங்கியவர்கள் தட்டச்சு செய்த கார்டு விவரங்களை அப்படியே வேறிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. முகவரி சரி, பூட்டுப் படம் சரி, தளமும் அசல். பார்த்து என்ன கண்டுபிடிப்பது?

திருடாமலே ஊகிக்கவும் முடியும். கார்டு எண்ணின் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் வங்கியைக் குறிப்பவை, அவை ரகசியமல்ல. கடைசி இலக்கம் லூன் என்ற கணக்குமுறைப்படி மற்ற இலக்கங்களிலிருந்து வருவது. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1950களில் தட்டச்சுப் பிழையைப் பிடிக்க வகுத்த முறை அது, திருட்டைத் தடுக்க அல்ல. நடுவில் மீதமிருக்கும் எண்களை நிரல் வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். காலாவதித் தேதி சில டஜன் மாதங்களில் ஒன்று. பின்பக்க மூன்று இலக்கம் ஆயிரத்தில் ஒன்று. ஒரே தளத்தில் ஆயிரம் முறை முயன்றால் மாட்டிக்கொள்வார்கள், அதனால் நூற்றுக்கணக்கான தளங்களில் சில முறை வீதம் பிரித்துப் போடுகிறார்கள். 2016இல் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டி, ஆறு வினாடியில்கூட மீதி விவரங்களைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதினார்கள். இதற்கெல்லாம் நீங்கள் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. உங்கள் எண் எந்த வழியில் போனது என்பது கடைசிவரை தெரியாமலே போகலாம், புகார் ஜெயிக்க அது தெரிய வேண்டியதுமில்லை. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். ஊகத்தை எழுதினால், "ஏதோ ஒரு இணைப்பைத் தொட்டிருக்கலாம்" என்ற உங்கள் வரியே உங்கள் கவனக்குறைவுக்கு ஆதாரமாகிவிடும்.

பணம் கட்டுவது பற்றி. பில்லில் உங்கள் சொந்தச் செலவு எவ்வளவோ அதை நாள் தவறாமல் கட்டிவிடுங்கள். மறுக்கும் தொகையை விசாரணை முடியும்வரை தனியே ஒதுக்கி வைக்கும்படி வங்கியிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். அப்படி ஒதுக்காமல் நீங்களாகக் குறைத்துக் கட்டினால், பாக்கி வைத்ததாகக் கணினி எடுத்துக்கொண்டு வட்டியைப் போடும். முழுத் தொகையும் தானாகக் கழியும்படி வைத்திருந்தால் அடுத்த பில் தேதிக்குள் மாற்றிவிடுங்கள். விசாரணையின்போது வங்கி தற்காலிகமாக ஒரு வரவு போடலாம். அது முடிவான தீர்ப்பு அல்ல. கடைக்காரர் எதிர்வாதம் செய்து ஜெயித்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று மாதம் இழுத்தாலும் வழக்கமானதுதான். நடுவில் வங்கி ஏதாவது படிவமோ கடிதமோ கேட்டால் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள்; பதில் வராத புகாரை மூடிவிட அவர்களுக்கு வழி இருக்கிறது.

கட்டித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: நீங்கள் எழுதியபடி நடந்திருந்தால், பெரும்பாலான நாடுகளில் அநேகமாக வேண்டாம். அளவும் கெடுவும்தான் நாட்டுக்கு நாடு மாறும். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொடுத்த விதிப்படி, தப்பு வங்கி பக்கமும் இல்லாமல் வாடிக்கையாளர் பக்கமும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். ஏழு வேலை நாள்வரை வரம்புக்குட்பட்ட பொறுப்பு, அதற்கு மேல் வங்கியின் கொள்கைப்படி. தெரிவித்த 10 வேலை நாளுக்குள் வங்கி தற்காலிக வரவு போட வேண்டும், 90 நாளுக்குள் தீர்க்க வேண்டும். பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். அமெரிக்காவில் கார்டு உங்களிடமே இருந்து எண் மட்டும் திருடு போனால் சட்டப்படி உங்கள் பொறுப்பு ஒன்றுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் மறுக்க 13 மாதம்வரை கெடு உண்டு என்றாலும், தெரிந்ததும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். எங்கே இருந்தாலும் ஓடிபியைத் தானே சொல்லிக் கொடுத்தவரின் நிலை பலவீனம். நீங்கள் அதில் தப்பித்துவிட்டீர்கள்.

வங்கி மறுத்தால் அதோடு விட வேண்டாம். எந்தக் காரணத்தால், கடை காட்டிய எந்த ஆதாரத்தால் மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். டெலிவரி ரசீது என்று பதில் வந்தால், வகை தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். மோசடி வகையில் மறுபடி எடுக்கச் சொல்லலாம். அதற்கும் அசையாவிட்டால் வங்கியின் மேல்நிலைக் குறைதீர்ப்பு அதிகாரி, அப்புறம் வங்கிக் குறைதீர்ப்பாளர். இந்தியாவில் வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. காவல்துறையில் ஒரு புகார் பதிந்து நகல் வைத்துக்கொள்வதும் உதவும். சில வங்கிகள் பெரிய தொகைக்கு அதைக் கேட்கின்றன.

கடைசியாக டெபிட் கார்டு. வேண்டாம் என்பேன். கிரெடிட் கார்டில் தகராறு நடக்கும்போது மாட்டிக்கொண்டிருப்பது வங்கியின் பணம். டெபிட் கார்டில் உங்கள் சம்பளக் கணக்கு காலியாகி, வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கையில் காசில்லாமல் விசாரணை முடியக் காத்திருக்க வேண்டும். இணையத்தில் வாங்க கிரெடிட் கார்டையே வைத்துக்கொண்டு, வெளிநாட்டுச் செலவையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் தேவையில்லாத நாட்களில் செயலியில் அணைத்து வையுங்கள். இணையச் செலவுக்கு ஒரு குறைந்த வரம்பும், எவ்வளவு சின்னத் தொகை போனாலும் செய்தி வரும்படி அறிவிப்பும் போட்டுவிடுங்கள். புதிய கார்டு வந்ததும் மின்கட்டணம், காப்பீடு என்று பழைய எண்ணைக் கொடுத்து வைத்த இடங்களில் மாற்ற வேண்டியிருக்கும். போன வருட ஸ்டேட்மெண்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பட்டியல் போடுங்கள். வருடம் ஒருமுறை பிடிக்கும் காப்பீட்டுத் தவணைதான் எல்லாருக்கும் விட்டுப்போவது.